கடைசியா எப்பங்க நல்லா இருந்துச்சு?

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் எடுக்கும் மேஜையில் இருந்த பெண்மணி, அவ்வளவுதான். குரலை வைத்து ஐம்பது வயது இருக்கும் என்பார் என் அம்மா. நாற்பதைத் தாண்டியிருக்காது என்று அப்பா அடித்துச் சொல்வார். அப்பா இவ்வளவு உறுதியாகச் சொல்வதில் அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

சளி கட்டிய, அவசரமே இல்லாத குரல். பின்னால் ஒரு பழைய மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றும். அவர் யோசிக்கும்போது பென்சிலால் மேஜையைத் தட்டுவார். அந்த டொக் டொக் கேட்டால் நாம் சொல்வது அவர் காதில் ஏறுகிறது என்று அர்த்தம்.

முதன்முதலில் அவரிடம் பேசியது எங்கள் வீட்டுப் போன் செத்துப் போன ஒரு நாளில். கருமத்தம்பட்டியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையிலிருந்து கூப்பிட்டேன். எனக்கு அப்போது இருபது வயது, மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்படியா வேலை பார்ப்பீர்கள், இதற்கு ஒரு ஆபீஸ் கேடா என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும் வரை கத்தினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும் கேட்டார்.

"சரிங்க. கடைசியா எப்பங்க நல்லா இருந்துச்சு?"

"அது எதுக்குங்க? இப்ப வேலை செய்யறதில்லை. அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

"கெட்டுப்போனதைத்தான் சொல்லிப்போட்டீங்களேங்க. நல்லா இருந்ததைச் சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுலதானுங்க என்னமோ ஆகியிருக்கோணும்."

முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக இருந்தது என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்றார். ஒன்றும் நடக்கவில்லை, வெள்ளையடித்தார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெள்ளையடித்தவர் சுவரிலிருந்த டெலிபோன் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்து, வேலை முடிந்ததும் பத்திரமாக மாட்டிவிட்டுப் போயிருந்தார். கம்பியைத்தான் மாட்டவில்லை.

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது. "ஏனுங்க, இப்ப நல்லா இருக்குதுங்களா?" புகார் கொடுத்த யாரையும் அவர் மறுநாள் பத்து மணிக்குக் கூப்பிடாமல் விட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அவருக்குப் பத்துமணியம்மா என்றே பெயராகிவிட்டது.

மாவு மில்காரர் ஒருமுறை கொதித்துப்போய் வந்தார். மழை பெய்தால் அவர் போன் ஊமையாகிவிடும். "மழையில கெட்டுப்போகுதுன்னு சொன்னா, எந்த மழையிலங்க நல்லா இருந்துச்சுன்னு கேக்குது அந்தம்மா. மழையைக் கணக்கு வெச்சுக்கறதாங்க என்ற பொழப்பு?" ஆனாலும் வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறார். போன வருடத்து மழையில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு மில்லுக்கு முன்னால் தகரக் கொட்டகை இறக்கினார். கொட்டகைத் தண்ணீர் நேராகக் கம்பி முடிச்சின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பத்துமணியம்மாவுக்குப் பிடிக்காத ஒரே சொல் 'எப்பவுமே'. "எப்பவுமே இப்பிடித்தானுங்க" என்று யாராவது சொன்னால் குரல் கொஞ்சம் கெட்டிப்படும். "எப்பவுமே கெட்டுக் கிடந்தா நீங்க கூப்புட்டிருக்க மாட்டீங்க. பழகிப்போயிருக்கும். நல்லா இருந்தது ஒண்ணு ஞாபகம் இருக்கறதுனாலதானுங்க கூப்புடறீங்க."

பழகிய பிறகு ஒருநாள் வம்புக்கென்றே பெயர் கேட்டேன். "கம்ப்ளைன்ட்டுன்னு சொன்னாப் போதுமுங்க" என்றார். இன்னொரு நாள், பத்து மணிக்குக் கூப்பிட்டபோது, "அது கெடக்குதுங்க. நீங்க கடைசியா எப்பங்க நல்லா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். பென்சில் சத்தம் நின்றது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "அதைய யாருங்க கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று அன்று முழுவதும் மனசு உறுத்தியது. அடுத்த முறை ஒன்றும் நடக்காததுபோல் பேசினார். நானும் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் தங்கை கல்யாணமாகி அமெரிக்கா போனாள். அவள் கடிதத்துக்காகவே வீட்டில் கம்ப்யூட்டர் வந்தது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் பழைய மோடம் ஒன்றை நானே பேசி வாங்கி வந்தேன். டெலிபோன் லைனில் மாட்டினால் கீச்சென்று கத்தி, கரகரத்து, அப்புறம் இன்டர்நெட்டில் சேரும். இணைந்ததும் எவ்வளவு வேகம் என்று திரையின் மூலையில் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் என் முகம் மலர்வதும் சுருங்குவதும். அம்மா மோடத்துக்கு க்ரோஷாவில் ஒரு உறை பின்னிப் போட்டிருந்தார்.

அந்த ஐப்பசியில் வேகம் படுத்துவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கலாம். இணைப்பு இரண்டு நிமிடம் நிற்கும், அறுந்துவிடும். நான் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன். மோடத்தை மேஜையிலிருந்து பிரிட்ஜ் மேலே வைத்தேன், பிரிட்ஜிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினேன். உறையைக் கழற்றினேன். அம்மா பார்க்காதபோது அதை இரண்டு தட்டுத் தட்டினேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

வேகம் குறைந்தது மட்டுமென்றால் பரவாயில்லை. மெயில் இறங்கவில்லை. 'ஏழில் நான்காவது' என்று வரும். நீலப் பட்டை பாதி வரை ஊர்ந்து நிற்கும். இணைப்பு அறும். மறுபடி சேர்ந்தால் அதே நான்காவது மெயில், அதே பாதி. அதற்குப் பின்னால் மூன்று மெயில்கள் நின்றுகொண்டிருந்தன. யாருடையவை என்று தெரியவில்லை.

ஞாயிறுதோறும் தங்கை போன் செய்வாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். எங்கள் தறிக்கூடத்துச் சத்தத்துக்குப் பழகி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவோம். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், குளிர் அதிகம் என்பாள். அந்த மாதம் இரண்டு ஞாயிறு, வைப்பதற்கு முன்னால் மட்டும், "மெயில் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"நெட்டு ஸ்லோ அம்மணி. இறங்கவே மாட்டேங்குது."

"சரிங்ண்ணா" என்றாள்.

இரண்டாவது முறை அந்தச் 'சரிங்ண்ணா' என்னவோ போல் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே மூன்று நாளாக மோடத்தின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெட்கத்தை விட்டு, புகாருக்குப் போன் செய்தேன்.

"லைன்ல பேச்சு நல்லாத்தான் கேக்குதுங்க. நெட்டுதான் இழுக்குது. தங்கச்சி மெயில் ஒண்ணு உள்ளார நிக்குதுன்னு நெனைக்கறேன். எப்பிடியாச்சும் எடுக்கோணுமுங்க."

"கடைசியா எப்பங்க நல்லா வந்துச்சு?"

இந்த முறை நான் எரிந்து விழவில்லை. யோசித்துச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமையில நல்லா வருமுங்க. மத்த நாள்ல சுமாரு. இப்ப மூணு வாரமா ஞாயிறும் மோசமுங்க."

டொக் டொக். "மூணு வாரமா உங்க ஊட்டு ஞாயித்துக்கெழமைக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. அவசர ஆர்டரு. ஞாயிறும் தறி ஓடுது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். எங்கள் தறிக்கூடம் ரோட்டோரம், வீடு அதன் பின்னால். பதினாறு தறி, ஞாயிறு விட்டால் இரவு பகலாக ஓடும். ஆள் மாறும், தறி நிற்காது. போன் கம்பி ரோட்டுக் கம்பத்திலிருந்து தறிக்கூடத்துக்குள் நுழைந்து, அப்பாவின் மேஜைப் போனுக்கு ஒரு கிளை பிரிந்து, அப்புறம்தான் வீட்டுக்கு வரும். அது தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கரண்ட் போனால்தான் எங்களுக்குத் தறி ஞாபகமே வரும்.

"வாய் வெக்கற பக்கத்தைக் கையில பொத்துங்க" என்றார். பொத்தினேன். சிறிது நேரம் கழித்து, "இரைச்சல் அப்பிடியே கேக்குதுங்க. அது காத்துல வரலீங்க, கம்பியில வருது. தறிக்கு மேல எங்கியோ முறுக்குன எடம் அதிர்ந்து அதிர்ந்து லூஸாயிருக்கும். லைன்மேன் திங்கக்கெழமைதான் வருவாருங்க. இப்ப தறியை ஒரு பத்து நிமிசம் நிறுத்திப் பாக்க முடியுமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். கரண்ட் இருக்கும்போது, ஷிப்ட் நடுவில், பதினாறு தறியும் ஒன்றாக நிற்பது எங்கள் ஊரில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அந்த வீட்டில் யாராவது இறந்திருக்க வேண்டும்.

"அப்பாகிட்டக் குடுங்க" என்றார்.

அப்பா எங்களிடம் புலி. போனில் அந்தக் குரலிடம், "ஆமாங்க, சரிங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று பேசி முடித்தார். என் பக்கம் திரும்பியதும் பழையபடி ஆகிவிட்டார். "பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு நொடி ஆகாது."

தறிக்கூடத்து மெயின் சுவிட்ச் இறங்கியது. காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. "இரைச்சல் போயிருச்சுங்க" என்றது போனில் குரல். "வெச்சுட்டு நெட்டைப் போடுங்க."

போட்டேன். மூலையில் நான் வாரக்கணக்கில் பார்க்காத எண் வந்தது. நான்காவது மெயில் இறங்க ஆரம்பித்தது. ஆறு நிமிடம் ஆனது. மாப்பிள்ளை தான் வாங்கிய புதுக் காரை நான்கு பக்கமும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதற்குப் பின்னால் நின்ற மூன்றும் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டன. மூன்றும் தங்கையுடையவை.

அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா முடியைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தார். "யாருங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. "யாருமில்லீங்க, போன் ரிப்பேரு" என்று சொல்லி, எட்டாவது நிமிடமே சுவிட்சை ஏற்றிவிட்டார்.

தங்கை ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். தறி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை ரகசியமாக எழுதியதை நான் கத்திக் கத்திப் படித்தேன்.

வீட்டுக்காரர் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாள். உங்களோடு போனில் பேசும்போது மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார். வீட்டுச் சாவி என்னிடம் கிடையாது. சனிக்கிழமை மட்டும் இங்குள்ள லைப்ரரியில் கொண்டுவந்து விடுவார், அங்கிருந்துதான் எழுதுகிறேன். நான் ஊட்டுக்கு வரட்டுமாண்ணா, அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. இது முதல் மெயில். இரண்டாவதில் இரண்டே வரி, முதல் மெயில் கிடைத்ததா என்று. மூன்றாவதைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'நெட்டு ஸ்லோன்னு சொல்றீங்க. நெசமாவே ஸ்லோவா, இல்ல என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம சொல்றீங்களான்னு எனக்குத் தெரியலீங்ண்ணா. வர்ற சனிக்கெழமையும் பதில் இல்லீன்னா இனிக் கேக்க மாட்டேன்.'

வருகிற சனிக்கிழமை மறுநாள்தான்.

அப்பா, "கல்யாணமாகி ஒரு வருசம் ஆகலை. ஊர்ல என்ன பேசுவாங்க. சித்தப் பொறுத்துப் போகச் சொல்லி எழுது. நாம யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். அம்மா எழுந்து அரிசி களையப் போனார். களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தார்.

நான் எழுதவில்லை. பொறுத்துப் போ என்று எழுதக் கை வரவில்லை. வா என்று எழுதவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க என்றுதானே கேட்டிருந்தாள். சும்மா உட்கார முடியாமல் அவளுடைய பழைய மெயில்களைத் திறந்து, அந்தம்மா கேட்கும் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்? சித்திரையில் ஒரு மெயில் இருந்தது. பூத்தொட்டியில் கொத்தமல்லி முளைத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நடுநடுவே என்னைக் கிண்டல் செய்திருந்தாள். அதற்குப் பிறகு எதிலும் ஒரு சிரிப்பு இல்லை. மெயில் ஒவ்வொன்றும் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நான் 'சூப்பர்' என்று பதில் போட்டிருந்தேன். ஆறு மாதம். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து யாரும் யாரோடும் பேசவில்லை. அமெரிக்காவில் பொழுது விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. வழக்கமாக எடுக்காத அம்மா போய் எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஏனுங்க, இப்ப லைன் நல்லா இருக்குதுங்களா?"

"லைன் கெடக்குதுங்க" என்றார் அம்மா. "என்ற புள்ள நல்லா இல்லீங்க."

அப்பா தலை நிமிர்ந்தார். அம்மா நிறுத்தவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம், பெற்ற அக்காவிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னார். பேசாத மாப்பிள்ளை, இல்லாத சாவி, சனிக்கிழமை, இன்றே கடைசி. அந்தக் குரல் குறுக்கே வரவில்லை. டொக் டொக் மட்டும் கேட்டது. கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"புள்ள கடைசியா எப்பங்க நல்லா இருந்துச்சு?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். சித்திரை மெயிலைப் பற்றி நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"இங்க இருக்கையில நல்லா இருந்துச்சுங்க."

பென்சில் சத்தம் நின்றது. விசிறி சுற்றியது.

"தறி ஓடுனா லைன் நிக்காதுங்க" என்றது அந்தக் குரல்.

அப்பா தட்டிலேயே கையைக் கழுவினார். அரை இட்லி அப்படியே இருந்தது. எழுந்து எங்களைப் பார்க்காமல் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். பதினாறு தறியும் நின்றன.

"வெக்கறனுங்க. லைன் வேணும்" என்றார் அம்மா.

"வெய்யுங்க, வெய்யுங்க."

நான் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தபோது அப்பா வந்து பின்னால் நின்றார். சட்டையெல்லாம் பஞ்சு. "என்னன்னு எழுதறே?"

"நீங்க சொல்லுங்க."

"வரச் சொல்லு." பிறகு, "ஏர்போர்ட்டுக்கு அப்பாவே வர்றேன்னு எழுது" என்றார். எழுதினேன். ஒருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படி என்றார். வீடு அமைதியாக இருந்ததால் கத்த வேண்டியிருக்கவில்லை. அனுப்பு என்றார். ஒரு நொடியில் போய்விட்டது.

வாசலில் ஆட்கள் நின்றார்கள். இரண்டாவது நாளாகத் தறி நின்றதால் இந்த முறை கூட்டம் அதிகம். எதிர்வீட்டு அக்கா அழவே ஆரம்பித்திருந்தார். "யாருங்க?"

அப்பா படியில் இறங்கி நின்றார். "யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. அம்மணி ஊட்டுக்கு வருது. அதுக்குத்தான் நிறுத்தினேன்" என்றார்.

அப்புறம் சுவிட்சை ஏற்ற அவருக்கும் தோன்றவில்லை, யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தறியே ஓட்டவில்லை. காலையில் ஒற்றை வரியில் ஒரு மெயில் வந்திருந்தது. 'வர்றேங்ண்ணா.' அவளிடம் சாவி இல்லை என்பதே எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. எப்படிக் கிளம்புவாள், யார் விடுவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை லைன்மேன் வந்தார். மூன்றாவது தறிக்கு மேலே, உத்தரத்தில், கம்பி முறுக்கிய இடம் பச்சைக் களிம்பு பிடித்துத் தளர்ந்து கிடந்தது. வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கி டேப் சுற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தறி ஓட ஓடவே மோடம் ஒழுங்காகச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது. அன்று எடுத்தது அப்பா. தறிக்கூடத்தில் தன் மேஜையில் ஒரு போன் இருக்க, அதை விட்டு வீட்டுக்குள் வந்து காத்திருந்து எடுத்தார்.

"ஏனுங்க, இப்ப நல்லா இருக்குதுங்களா?"

"லைன் நல்லா இருக்குதுங்க" என்றார் அப்பா. வைக்கவில்லை. "புள்ள இன்னும் வந்து சேருலீங்க. வந்ததும் நானே கூப்புட்டுச் சொல்றனுங்க."